சேற்றுக் காடு கற்பிக்கும் சூழலியல்

பேராக் மாநிலத்தின் மேற்குக் கரையில், தைப்பிங் நகருக்கு அருகே, கோலா செப்பெத்தாங் என்னும் மீனவர் ஊர் உள்ளது. மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கையும் இந்தத் துறைமுகத்தையும் இணைத்தே போடப்பட்டது. அன்று இவ்வூரின் பெயர் போர்ட் வெல்ட். அந்த இரயில் பாதை இன்று இல்லை. ஆனால், ஊரைச் சூழ்ந்திருந்த காடு இன்றும் நிற்கிறது. மாத்தாங் சதுப்புநிலக் காடு எனப்படும் அது, ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்பில் கடலோரமாக விரிந்து கிடக்கிறது.

இக்காட்டை முதன்முறையாகக் காண்பவருக்கு அது அழகாகத் தோன்றாது. கறுத்த சேறு, அழுகிய முட்டையைப் போன்ற நாற்றம், கொசுக் கூட்டம், அடி வைத்தால் முழங்கால் வரை புதையும் நிலம் ஆகியவையே முதலில் தெரியும். இத்தகைய காடுகளைப் ‘பயனற்ற நிலம்’ என்று கருதிய காலமும் உண்டு. உலகின் பல கரைகளில் அவை வெட்டப்பட்டன. மண் கொட்டி நிரப்பப்பட்டன. இறால் குளங்களாகவும் துறைமுகங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாற்றப்பட்டன. அந்த நிலம் உண்மையிலேயே வெறுமையானதா? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், அங்கு எவை வாழ்கின்றன, எதை உண்டு வாழ்கின்றன, ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்துள்ளன என்பதை ஆராய வேண்டும். இந்த ஆய்வே சூழலியல் எனப்படும்.

சூழலியல் என்றால் என்ன?

உயிரினங்கள் தமக்குள்ளும், தம்மைச் சுற்றியுள்ள உயிரற்ற பொருள்களோடும் கொண்டுள்ள உறவை ஆராயும் அறிவியலே சூழலியல். இத்துறைக்கு 1866ஆம் ஆண்டில் பெயர் சூட்டியவர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற செருமானிய உயிரியலாளர். ‘வீடு’ என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு அவர் அப்பெயரை அமைத்தார். உயிரினம் தன் வீட்டில் எப்படி வாழ்கிறது என்பதைக் கற்கும் துறை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

நிலத்தையும் உயிரையும் சேர்த்துப் பார்க்கும் பார்வை தமிழர்க்குப் புதிதன்று. சங்க இலக்கியத்தின் ஐந்திணைப் பகுப்பில் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய பொழுது, மரம், பூ, விலங்கு, பறவை, தொழில் ஆகியவை ஒன்றாகவே பேசப்படுகின்றன. கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தல் நிலத்தைப் பாடிய புலவர்கள் கண்டல் மரத்தையும் பாடியுள்ளனர். அந்தக் கண்டல் மரத்தின் உறவினமே மலேசியக் கரையில் ‘பாக்காவ்’ என்று அழைக்கப்படுகிறது. மாத்தாங் காட்டில் மிகுதியாக வளர்வது பாக்காவ் மரமே.

உயிரற்ற கூறுகளும் தகவமைப்பும்

எந்த ஓர் இடத்திலும் எவை வாழ முடியும் என்பதை முதலில் முடிவு செய்பவை அங்குள்ள உயிரற்ற கூறுகள். வெப்பம், ஒளி, நீர், மண், உப்பு, காற்று ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. சதுப்புநிலக் காட்டில் இக்கூறுகள் மிகக் கடுமையானவை. நாளுக்கு இருமுறை கடல் பொங்கி நிலத்தை மூடுகிறது; பின்னர் வடிகிறது. நீரில் உப்பு மிகுதி. சேறு மிக நுண்ணிய துகள்களால் ஆனது. துகள்களுக்கிடையே நீர் தேங்கி நிற்பதால் உயிர்வளி உட்புக இடமில்லை. உயிர்வளி இல்லாத அச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வெளியிடும் கந்தக வாயுவே அழுகிய முட்டை நாற்றத்திற்குக் காரணம்.

பெரும்பாலான மரங்களை இங்கு நட்டால் அவற்றின் வேர்கள் மூச்சுத் திணறி அழுகிவிடும். சதுப்புநில மரங்களோ இந்நிலைக்கு ஏற்பத் தகவமைந்துள்ளன. பாக்காவ் மரத்தின் அடிப்பகுதியிலிருந்து வளைந்து இறங்கும் தாங்கு வேர்கள், குடைக் கம்பிகளைப் போலப் பரவிச் சேற்றில் ஊன்றி நிற்கின்றன. அலையும் காற்றும் மோதினாலும் மரம் சாய்வதில்லை. ‘அப்பி-அப்பி’ மரத்தின் வேர்கள் சேற்றுக்கு மேலே பென்சில் நட்டாற்போல் நூற்றுக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இவை மூச்சு வேர்கள். நீர் வடிந்த நேரத்தில் இவற்றின் நுண்துளைகள் வழியே காற்று உட்புகுந்து, சேற்றுக்கு அடியிலுள்ள வேர்களைச் சென்றடைகிறது.

உப்பைச் சமாளிக்கவும் வெவ்வேறு வழிகள் உண்டு. பாக்காவ் மரம் நீரை உறிஞ்சும்போதே உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. அப்பி-அப்பி மரமோ உப்பை உள்ளே விட்டு, பிறகு இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. வெயில் நேரத்தில் அதன் இலையைத் தடவினால் உப்புப் படிகங்கள் கையில் ஒட்டும்.

இனப்பெருக்கத்திலும் தகவமைப்பு உண்டு. சேற்றில் விழும் சிறிய விதையை அடுத்த அலை அடித்துச் சென்றுவிடும். அதனால் பாக்காவ் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைக்கிறது. நீண்டு பச்சைக் கோலைப் போல் தொங்கும் அந்த நாற்று, முதிர்ந்ததும் கீழே விழுகிறது. நீர் வற்றிய நேரமாயின் சேற்றில் குத்தி நிற்கும். நீர் நிறைந்த நேரமாயின் மிதந்து சென்று வேறோர் இடத்தில் வேரூன்றும்.

தனி உயிரிலிருந்து சூழல் மண்டலம் வரை

சூழலியல் உயிர்களைப் பல படிகளில் நோக்குகிறது. ஒரு நண்டு என்பது தனி உயிர். ஓர் இடத்தில் ஒரே காலத்தில் வாழும் ஒரே இன நண்டுகள் அனைத்தும் சேர்ந்து ஓர் இனத்தொகை. நண்டு, நத்தை, இறால், மீன், கொக்கு, குரங்கு, மரம், நுண்ணுயிர் என அவ்விடத்திலுள்ள எல்லா இனத்தொகைகளும் சேர்ந்தால் அது உயிரினச் சமுதாயம். அச்சமுதாயத்தோடு சேறு, உப்பு, அலை, வெயில் முதலிய உயிரற்ற கூறுகளும் சேரும்போது அது சூழல் மண்டலம் ஆகிறது. இந்தக் கடைசிக் கருத்துக்கு 1935ஆம் ஆண்டில் பெயர் தந்தவர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி.

ஓர் உயிரினம் வாழும் இடம் அதன் வாழிடம். அவ்விடத்தில் அது ஆற்றும் பங்கு, அதாவது எதை உண்கிறது, எப்போது இயங்குகிறது, எதற்கு இரையாகிறது என்பவை அனைத்தும் சேர்ந்து அதன் வாழ்நிலைப் பங்கு எனப்படும். வாழிடத்தை முகவரி என்றால், வாழ்நிலைப் பங்கைத் தொழில் எனலாம். மாத்தாங் சேற்றில் ஒரே முகவரியில் பல இனங்கள் வாழ்கின்றன. ஆனால், தொழில் வேறு. ஒரு வகை நண்டு உதிர்ந்த இலைகளைத் தின்கிறது. ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள மற்றொரு வகை நண்டு சேற்றின் மேற்பரப்பிலுள்ள பாசியையும் நுண்ணுயிரையும் வழித்துத் தின்கிறது. மலாய் மொழியில் ‘பெலாச்சாக்’ எனப்படும் சேற்றுமீன் நிலத்திலும் துள்ளித் திரிந்து இரை தேடுகிறது. தொழில் வேறுபடுவதால்தான் சிறிய இடத்தில் பல இனங்கள் நெருங்கி வாழ முடிகிறது.

சில உயிரினங்களுக்கு ஒரே வாழிடத்தின் பல பகுதிகள் தேவை. கோலா சிலாங்கூருக்கு அருகிலுள்ள கம்போங் குவாந்தானில் ஆற்றோர மரங்களில் ஒன்றாக ஒளிரும் மின்மினிகளைக் காணப் பலர் செல்கின்றனர். வளர்ந்த மின்மினிகள் பெரெம்பாங் மரத்தின் இலைகளில் கூடுகின்றன. அவற்றின் இளம்புழுக்களோ கரையின் ஈரச் சேற்றில் சிறு நத்தைகளை வேட்டையாடி வளர்கின்றன. ஆகவே, பெரெம்பாங் மரத்தை மட்டும் காத்து, அதன் பின்னுள்ள ஈரநிலத்தைத் திருத்திவிட்டால் மின்மினி மிஞ்சாது. புழு வளர இடமில்லாதபோது ஒளிர வருவதற்குப் பூச்சி ஏது?

ஆற்றல் ஒருவழிப் பாதை

எல்லா உயிர்க்கும் ஆற்றல் தேவை. அந்த ஆற்றலின் மூலம் கதிரவன். இலைகளும் பாசிகளும் ஒளிச்சேர்க்கை வழியாகக் கதிரவனின் ஒளியாற்றலை உணவாக மாற்றுகின்றன. எனவே, அவை உற்பத்தியாளர்கள் எனப்படுகின்றன. அவற்றை உண்பவை முதல்நிலைப் பயனீட்டாளர்கள். அவற்றை உண்பவை இரண்டாம் நிலைப் பயனீட்டாளர்கள். இவ்வாறு ஆற்றல் கைமாறும் வரிசையே உணவுச் சங்கிலி.

மாத்தாங் காட்டின் ஓர் உணவுச் சங்கிலியைக் காணலாம். சேற்றின் மேல் வளரும் பாசியைச் சிறு இறால் உண்கிறது. இறாலைக் கொடுவா மீன் விழுங்குகிறது. மலேசியர் ‘சியாக்காப்’ என்று விரும்பி உண்பது இந்த மீனைத்தான். மீன் குஞ்சைச் செம்பருந்து கவ்விச் செல்கிறது. ஆனால், இறாலைக் கொக்கும் உண்ணும், மனிதரும் உண்பர். செம்பருந்து நண்டையும் பிடிக்கும். இவ்வாறு பல சங்கிலிகள் பின்னிப் பிணைவதால் உருவாவதே உணவு வலை.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஆற்றல் முழுமையாகச் செல்வதில்லை. உயிரினம் தான் உண்டதில் பெரும்பகுதியைச் சுவாசிக்கவும் நகரவும் செலவிடுகிறது. அது வெப்பமாக வெளியேறிவிடுகிறது. ஒரு பகுதி கழிவாகப் போகிறது. பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு அளவே அடுத்த படியைச் சென்றடைகிறது எனக் கணக்கிடுவர். பாசியில் 10,000 கிலோஜூல் ஆற்றல் இருந்தால், இறாலுக்கு ஏறத்தாழ 1,000 கிலோஜூலும், மீனுக்கு 100 கிலோஜூலும், பருந்துக்கு 10 கிலோஜூலும் கிடைக்கும். காட்டில் இறால்கள் எண்ணற்றவையாகவும் பருந்துகள் சிலவாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். உணவுச் சங்கிலிகள் பெரும்பாலும் நான்கைந்து கண்ணிகளுக்கு மேல் நீளாததற்கும் இதுவே காரணம்.

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை விளங்கும். அடிப்படியில் ஏற்படும் குறைவு, மேலேயுள்ள எல்லாப் படிகளையும் பாதிக்கும். காடு சுருங்கினால் முதலில் கண்ணில் படாமல் போவது மேற்படியிலுள்ள பறவைகளே.

பொருள்களின் சுழற்சி

ஆற்றல் ஒருவழியில் சென்று தீர்ந்துவிடுகிறது. கதிரவன் அதை நாள்தோறும் புதிதாகத் தர வேண்டும். ஆனால், நைட்ரஜன், பாஸ்பரஸ், கரிமம் போன்ற பொருள்கள் புதிதாக வருவதில்லை. அவை சுழன்று சுழன்று மீண்டும் பயன்பட வேண்டும். இச்சுழற்சியை நடத்துபவை சிதைப்பான்கள்.

சதுப்புநிலக் காட்டில் ஆண்டு முழுவதும் இலைகள் உதிர்கின்றன. பச்சை இலையைக் கடித்துத் தின்னும் விலங்குகள் இங்குக் குறைவு. உதிர்ந்த இலையே பலவற்றின் உணவு. நண்டுகள் அவ்விலைகளை வளைக்குள் இழுத்துச் சென்று நறுக்கித் தின்கின்றன. மிஞ்சிய துணுக்குகளின்மேல் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் படர்ந்து அவற்றை மக்கச் செய்கின்றன. நுண்ணுயிர் படர்ந்த அத்துணுக்குகள் சத்து மிகுந்தவை. இறாலும் மீன் குஞ்சும் அவற்றைத் தேடி உண்கின்றன. நண்டு வளை தோண்டுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. உயிர்வளி இல்லாத சேற்றுக்குள் காற்றும் நீரும் நுழைய அவ்வளைகள் வழி திறக்கின்றன. நிலத்தில் மண்புழு செய்யும் பணியைச் சேற்றில் நண்டு செய்கிறது.

நீர் வடியும்போது துணுக்குகளின் ஒரு பகுதி கடலுக்குச் செல்கிறது. கரைக்கு அப்பாலுள்ள சேற்றுத் திட்டில் வளர்க்கப்படும் ‘கெராங்’ மட்டிகளுக்கு அச்செழுமை பயன்படுகிறது. பெலாச்சான் செய்ய உதவும் கூனி இறாலும் இக்கடலோர நீரில் பிடிக்கப்படுவதே. வெள்ளை இறால்கள் ஆழ்கடல் பக்கம் முட்டையிட்டாலும், அவற்றின் குஞ்சுகள் சதுப்புநிலக் கழிகளுக்கு வந்து தாங்கு வேர்களிடையே ஒளிந்து வளர்கின்றன. பெரிய மீன்கள் நுழைய முடியாத அவ்வேர்ப் பின்னல் அவற்றுக்குத் தொட்டில். வளர்ந்தபின் அவை கடலுக்குத் திரும்புகின்றன. கடலில் மீனவர் விரிக்கும் வலையில் விழும் இறால், சேற்றுக் காட்டில் வளர்ந்ததாக இருக்கலாம்.

சுழற்சி முழுமையாக நடைபெறாத ஒரு பொருளும் இங்கு உண்டு. அது கரிமம். உயிர்வளி குறைந்த சேற்றில் இலையும் வேரும் மிக மெதுவாகவே மக்குகின்றன. அதனால் மரங்கள் காற்றிலிருந்து எடுத்த கரிமத்தின் ஒரு பகுதி சேற்றில் நெடுங்காலம் புதைந்து கிடக்கிறது. ஒரு ஹெக்டர் கணக்கில் பார்த்தால், வெப்பமண்டலக் காடுகள் பலவற்றைவிடச் சதுப்புநிலக் காடு மிகுதியான கரிமத்தைச் சேமித்து வைத்துள்ளது. அச்சேற்றைத் தோண்டி உலர்த்தினால் அந்தக் கரிமம் கரிவளியாக மாறி மீண்டும் காற்றில் கலக்கும்.

உயிர்களுக்கிடையே உறவுகள்

உயிரினங்கள் தம்முள் பலவகை உறவு கொண்டுள்ளன. ஒரே தேவைக்காக இரண்டு உயிர்கள் முயன்றால் அது போட்டி. ஓர் உயிர் மற்றொன்றைக் கொன்று தின்றால் அது கொன்றுண்ணல். இரண்டும் ஒன்றால் ஒன்று பயன்பெற்றால் அது ஒன்றிய வாழ்வு. மூன்றாவது உறவுக்குச் சிறந்த சான்று, பெரெம்பாங் மரத்தையும் குகை வௌவாலையும் இணைக்கும் உறவாகும்.

பெரெம்பாங் பூ மாலையில் மலர்ந்து ஓர் இரவோடு உதிர்ந்துவிடும். பகலில் வரும் தேனீக்கு அங்கு வேலையில்லை. இரவில் தேனுண்ண வரும் குகை வௌவால், தன் உடலில் ஒட்டிய மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டு செல்கிறது. பத்துமலைக் குகைகளிலும் இவ்வகை வௌவால்கள் வாழ்கின்றன. 1970களில் ஆய்வாளர்கள் அவற்றின் எச்சத்திலிருந்த மகரந்தத்தை ஆராய்ந்தனர். முப்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கடலோரச் சதுப்புநிலக் காட்டின் மகரந்தமும் அதில் இருந்தது. மலையில் உறங்கும் வௌவால் இரவில் கடலோரம் சென்று உணவருந்தித் திரும்புகிறது என்பது அதனால் தெரிய வந்தது.

அதே எச்சத்தில் டுரியான் மகரந்தமும் இருந்தது. டுரியான் பூவும் மாலையில் மலர்வதே. அதன் மகரந்தச் சேர்க்கைக்கு இந்த வௌவால் பெரிதும் உதவுகிறது. ஆனால், டுரியான் ஆண்டில் சில வாரங்களே பூக்கும். மற்ற மாதங்களில் வௌவால் எதை உண்ணும்? ஆண்டு முழுவதும் பூக்கும் பெரெம்பாங் போன்ற மரங்களே அதைக் காப்பாற்றுகின்றன. கடலோரத்தில் பெரெம்பாங் அழிந்தால் வௌவால் குறையும். வௌவால் குறைந்தால், உள்நாட்டுத் தோட்டத்தில் டுரியான் பூத்தும் காய்க்காமல் போகலாம். தோட்டக்காரர் உரத்தையும் நீரையும் ஆராய்வார். காரணமோ பல கிலோமீட்டருக்கு அப்பால், அவர் ஒருமுறைகூட மிதித்திராத சேற்றில் இருக்கும். சூழலியலில் தொலைவு என்பது வரைபடத்தில் அளக்கும் தூரம் மட்டுமன்று. உறவின் நீளமும் ஆகும்.

காடு நடக்கும் விதம்

ஒரு சூழல் மண்டலம் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. வெற்றுச் சேற்றுத் திட்டில் முதலில் குடியேறுபவை அப்பி-அப்பி, பெரெம்பாங் இன மரங்கள். இவை முன்னோடித் தாவரங்கள். உப்பு, அலை, கடும் வெயில் ஆகிய மூன்றையும் தாங்கும் வலிமை இவற்றுக்கு உண்டு. இவற்றின் மூச்சு வேர்கள் நீரோட்டத்தின் வேகத்தைக் குறைப்பதால், நீர் சுமந்து வரும் வண்டல் அங்கே படிகிறது. மெல்ல மெல்ல நிலம் உயர்கிறது.

நிலம் உயர்ந்ததும் அதில் பாக்காவ் வேரூன்றுகிறது. அதன் தாங்கு வேர்கள் மேலும் வண்டலைப் பிடிக்கின்றன. அடர்ந்த நிழலும் படர்கிறது. முன்னோடி மரங்களின் கன்றுகளோ நிழலில் வளர மாட்டா. எனவே, அவை அங்கே மறைந்து, கடலை நோக்கிய புதிய சேற்றில் முளைக்கின்றன. மேலும் உயர்ந்து உறுதியான நிலத்தில் தும்மு, லெங்காடாய் போன்ற மரங்கள் வருகின்றன. அதற்கும் பின்னால் நீப்பா பனையும் நிலக் காட்டுத் தாவரங்களும் இடம் பிடிக்கின்றன. இவ்வாறு ஓர் இனம் தான் வாழ்ந்த இடத்தைத் தானே மாற்றி, அடுத்த இனத்திற்கு வழிவிடுவதை இடமுறை வளர்ச்சி என்பர். கடலிலிருந்து கரைக்கு நடந்து வருபவர் இம்மாற்றத்தின் எல்லாப் படிகளையும் வரிசையாகக் காணலாம்.

மனிதரும் இம்மண்டலத்தின் ஒரு கூறே

மாத்தாங் காடு மனிதர் கை படாத காடு அன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே அது ஒதுக்கப்பட்ட காடாகத் திட்டமிட்டுப் பேணப்படுகிறது. திட்டமிட்டு வெட்டவும் படுகிறது. இங்குள்ள பாக்காவ் மரம் முப்பது ஆண்டுச் சுழற்சியில் அறுவடை செய்யப்படுகிறது. நட்டு 15 ஆண்டானதும் நெருக்கமாக வளர்ந்த மரங்களில் சில வெட்டப்படுகின்றன. 20 ஆண்டில் மீண்டும் சில வெட்டப்படுகின்றன. ஒளிக்கும் இடத்திற்கும் ஒரே இன மரங்களுக்குள் நிலவும் போட்டி இதனால் குறைகிறது; எஞ்சியவை பருத்து வளர்கின்றன. வெட்டியவை கட்டுமானக் கழிகளாகின்றன. 30 ஆண்டில் முழுமையாக வெட்டப்படும் மரங்கள் கோலா செப்பெத்தாங்கின் செங்கல் சூளைகளில் கரியாக்கப்படுகின்றன. வெட்டிய நிலத்தில் நாற்றுகள் தாமாக முளைக்காத இடங்களில் புதிய நாற்றுகள் நடப்படுகின்றன.

இம்முறையின் அடிப்படை எளிது. ஓராண்டில் காடு வளர்த்துத் தரும் அளவுக்கு மேல் ஓராண்டில் எடுக்கக் கூடாது. முப்பது ஆண்டில் முதிரும் மரமாயின், அறுவடைக்குரிய பரப்பில் முப்பதில் ஒரு பங்கையே ஆண்டுதோறும் வெட்டலாம். கடைசிப் பங்கை வெட்டி முடிக்கும்போது முதல் பங்கு மீண்டும் முதிர்ந்து நிற்கும். நூறாண்டுக்கு மேலாக வெட்டியும் காடு காடாகவே இருப்பதற்கு இக்கணக்கே காரணம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. அறுவடைக்கு ஏற்ற பாக்காவ் மரமே எங்கும் மிகுவதால், மற்ற மர இனங்களின் பங்கு குறைகிறது. முப்பது வயதிலேயே வெட்டப்படும் காட்டில் பருத்த முதுமரங்கள் அரிதாகின்றன. அத்தகைய மரங்களை நம்பிக் கூடு கட்டும் பறவைகளுக்கு இடம் சுருங்குகிறது. அதனால்தான் காட்டின் சில பகுதிகள் அறுவடை செய்யப்படாமல் காக்கப்படுகின்றன. இக்காட்டின் வடபகுதியிலுள்ள கோலா கூலாவில், வடக்கே குளிர் தொடங்கியதும் தெற்கு நோக்கிப் பறக்கும் கரைப்பறவைகள் தங்கி இரை தேடுகின்றன. பறவைகளின் நீடுநிலவலுக்கு அவை புறப்படும் நாடும் சேரும் நாடும் மட்டும் போதா; வழியில் இளைப்பாறும் சேறும் வேண்டும்.

உறவு அறுந்தால்

கணக்கு மீறி அழித்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. சதுப்புநிலச் சேற்றில் இரும்பும் கந்தகமும் கலந்த ஒரு கனிமம் புதைந்துள்ளது. நீருக்கடியில் இருக்கும் வரை அதனால் தீங்கில்லை. இறால் குளம் வெட்டவோ பயிரிடவோ அச்சேற்றைத் தோண்டிக் காயவிட்டால், அக்கனிமம் உயிர்வளியோடு சேர்ந்து கந்தக அமிலத்தை உண்டாக்குகிறது. குளத்து நீர் புளித்து, இறால்கள் மடிகின்றன. தென்கிழக்காசியாவில் காட்டை அழித்து வெட்டிய குளங்கள் பல, சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். காடும் போய், குளமும் போய், ஈற்றில் அந்நிலம் உண்மையிலேயே பயனற்ற நிலமானது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த சுனாமி, மலேசியாவில் பினாங்கு, கெடா முதலிய மாநிலங்களின் கரைகளைத் தாக்கியது; அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடர்ந்த சதுப்புநிலக் காட்டின் வேர்களும் தண்டுகளும் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. எவ்வளவு பெரிய அலையையும் அவை முற்றாகத் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆயினும், நாள்தோறும் கரையை அரிக்கும் அலையிலிருந்தும் புயற்காற்றிலிருந்தும் அவை ஊரைக் காக்கின்றன. அப்பேரிடருக்குப் பிறகு, 2005 முதல் மலேசியாவில் கடலோரங்களில் சதுப்புநில மரங்களை நடும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது.

மரம் நடுவதற்கும் சூழலியல் அறிவு தேவை. இவ்வட்டாரத்தின் பல கரைகளில், அலை நேராக மோதும் வெற்றுச் சேற்றில் பாக்காவ் நாற்றுகள் நடப்பட்டன. நட எளிது என்பதே அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம். ஆனால், அது முன்னோடி மரங்களுக்கு உரிய இடம். நாற்றுகளில் பெரும்பாலானவை அலையில் போயின. இடமுறை வளர்ச்சியின் வரிசையைத் தெரிந்து, முதலில் வர வேண்டியதை முதலில் நட்டு, நீரோட்டம் தடைபடாமல் பார்த்துக்கொண்ட இடங்களில் காடு தானாகவே மீளத் தொடங்கியது.

மலேசியாவில் இன்று 600,000 ஹெக்டருக்கும் மேற்பட்ட சதுப்புநிலக் காடு உள்ளது. அதில் பாதிக்கும் மேற்பட்டது சபா மாநிலத்தில் இருக்கிறது. அதில் எப்பகுதியை வைத்துக்கொள்வது, எப்பகுதியை விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி ஒவ்வொரு புதிய துறைமுகத்தின்போதும், ஒவ்வொரு புதிய வீடமைப்புத் திட்டத்தின்போதும் எழுகிறது. அந்நேரத்தில் மரத்தின் விலையை மட்டும் எண்ணினால் கணக்குப் பிழையாகும். வேரிடையே வளரும் இறால், அதை நம்பிய மீனவர் குடும்பம், கடல் கடந்து வரும் பறவை, சேற்றில் புதைந்த கரிமம், இரவில் வந்து போகும் வௌவால், அது காய்க்கச் செய்யும் டுரியான் ஆகிய அனைத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அவ்வாறு கணக்கிடக் கற்றுத் தருவதே சூழலியல்.